இதைப் படிச்சீங்களா?

தமிழ் வீடுகளின் பரண்களில் ஒரு காலத்தில் தனி ரகமாகச் சில புத்தகங்கள் இருந்தன. அவற்றில் பதிப்பகத்தின் பெயர் இருக்காது, விலை இருக்காது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை இதழ் இதழாகச் சேர்த்துவைத்து, அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, பைண்டிங் கடையில் கொடுத்து காலிகோ துணி போட்டு வாங்கிய புத்தகங்கள் அவை. கதைக்கு நடுவே சிரிப்புத் துணுக்கு இருக்கும், தலைவலித் தைல விளம்பரம் இருக்கும், மணியம் வரைந்த குந்தவை இருப்பாள். 'கல்கி' இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்த 'பொன்னியின் செல்வன்' இப்படித்தான் எத்தனையோ குடும்பங்களின் சொத்தானது.

சொத்து என்றாலும் பூட்டிவைத்த சொத்து அல்ல. முதல் பாகம் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். இரண்டாம் பாகம் நாத்தனார் ஊருக்குப் போயிருக்கும். மூன்றாவது, அப்பாவின் ஆபீஸ் நண்பர் வீட்டில். ஐந்து பாகமும் ஒரே நேரத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அதிசயம். "நந்தினி யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டேதான் அடுத்த பாகத்தைக் கையில் கொடுப்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் அன்றிரவு விளக்கை அணைக்க மாட்டார்கள். 1999-ல் அதை எழுதிய கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. அதன்பின் பல பதிப்பகங்கள் பல விலைகளில் அச்சிட்டன. 2022-ல் சினிமாவும் வந்தது. அதற்கெல்லாம் முன்பே தலைமுறை தலைமுறையாக ஆட்களை அந்த நாவலுக்குள் கூட்டிக்கொண்டு போனது, படித்து முடித்த ஒருத்தி படிக்காத இன்னொருத்தியிடம் சொன்ன சொல்தான்.

வாசகர் வாசகருக்குச் சொல்லும் அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தமிழில் நல்ல புத்தகங்கள் உயிரோடு இருப்பதற்கு அதுதான் முதல் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பல்கலைக்கழகங்களும் விருதுகளும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. இன்று பரிந்துரைகளுக்குப் பஞ்சமே இல்லை. போனைத் திறந்தால் கொட்டுகின்றன. குறைந்திருப்பது வேறொன்று. யாருக்குச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்வதும், சொன்ன பிறகு உட்கார்ந்து பேசுவதும்.

கும்பகோணத்தில் ஒரு வியாழக்கிழமை

1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையருக்கு வயது 25. ஊருக்குப் புதிதாக முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, புராணம் என்று இவர் பட்டியல் சொன்னார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். பட்டியல் நீளமானது. முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்று கேட்டார். இல்லை.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே படித்த கதை. சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திர'த்தில் அதற்கு அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலியார் கேள்வி கேட்டு ஆளைச் சிறுமைப்படுத்தி அனுப்பவில்லை. சீவக சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைத் தேடி வைத்திருந்தார், அதைக் கொடுத்தார். அவருக்கே அந்த நூலைப் பாடம் கேட்கும் ஆசை இருந்தது. சொல்லித்தர ஆள் கிடைக்காமல் காத்திருந்தவர் அவர். ஆக, 'நீ படி' என்று அவர் சொல்லவில்லை; 'சேர்ந்து படிப்போம்' என்றார். இருவரும் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள்.

சமண நூல். சைவ மரபில் வளர்ந்த ஆசிரியருக்கு அதன் மதக் கருத்துகள் பிடிபடவில்லை. கும்பகோணத்திலேயே இருந்த சமணர் வீடுகளைத் தேடிப் போய், அந்த நூலைத் தலைமுறைகளாகப் படித்துவந்த குடும்பத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் பதிப்பு: சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த அந்த ஆயுள் முழுவதும், ஒரு முன்சீப் கேட்ட மூன்று கேள்விகளிலிருந்து கிளம்பியது.

முதலியார் தமிழ்ப் புலவரல்ல, நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். பரிந்துரை செய்யப் பட்டம் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எதிரே நிற்பவரின் தகுதியை அறிந்து, அவர் இதுவரை போகாத இடத்தைச் சுட்டி, போவதற்கு வழியையும் கையில் கொடுத்து, கூடவே நடந்தார். பரிந்துரை என்றால் இவ்வளவும் சேர்ந்ததுதான்.

ஒரு நாவலைக் காப்பாற்றியவர்கள்

சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் இந்தோனேசியாவின் மெடானுக்குப் போய், இரண்டாம் உலகப் போரை அங்கே பார்த்து, ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தவர் ப.சிங்காரம். ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாக வாழ்ந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு: 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாவது, எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கழித்து 1972-ல்தான் அச்சானது. வந்தபோது அதற்குப் பெரிய வரவேற்பு எதுவும் கிடைக்கவில்லை. இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவரல்ல சிங்காரம். எழுத்தாளர் நட்பு வட்டமும் அவருக்கு இல்லை. தன் புத்தகத்துக்காக யாரிடமும் வாய் திறக்காத ஒருவரின் புத்தகம் மறைந்துபோக எல்லாக் காரணமும் இருந்தது.

மறையவில்லை. படித்த சிலர் விடவில்லை. சி.மோகன் போன்றவர்கள் தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்று என்று எழுதினார்கள், பேசினார்கள். பிரதி கிடைக்காத காலத்தில் ஒருவரிடம் இருந்த புத்தகம் பல கைகளுக்குப் போய்வந்தது. "மெடான் கடைத்தெருவில் தொடங்கும், விடாமல் படி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். நாயகன் பாண்டியனின் பினாங்கு வாழ்க்கை, யுத்தம், கப்பல் பயணம், மதுரை நினைவு எல்லாம் இப்படித்தான் அடுத்த தலைமுறைக்கு வந்தன. சிங்காரம் 1997-ல் இறந்தார். இன்று தமிழில் எந்த நாவல் பட்டியலைப் போட்டாலும் 'புயலிலே ஒரு தோணி'யைத் தவிர்க்க முடியாது. புலம்பெயர்ந்த தமிழ் வாழ்வின் அவ்வளவு பெரிய ஆவணம், பத்திருபது வாசகர்களின் பிடிவாதத்தால் நம்மிடம் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியும் பயமும் ஒன்றாக வருகின்றன. சொல்ல ஆளில்லாமல் போன எத்தனை புத்தகங்கள் இருக்கும்!

அப்படிச் சொல்வதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். க.நா.சு. பட்டியல் போட்டார். 'படித்திருக்கிறீர்களா?' என்ற பெயரிலேயே புத்தகம் எழுதினார். அவர் பட்டியலில் இடம்பெறாதவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் சில சமயம் நியாயமானதும்கூட. ஆனால் பட்டியலோடு அவர் நிற்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தனக்குப் பிடித்த வெளிநாட்டு நாவலைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை, தமிழ் வாசகனின் கையில் அது இருக்க வேண்டும் என்று நினைத்து மொழிபெயர்க்க உட்கார்ந்தார். கனுட் ஹாம்சனின் 'நிலவளம்', பேர் லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' இவையெல்லாம் அப்படி வந்தவை. தமிழ்நாட்டு வாசகன் ஒருவன் நார்வே விவசாயியின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டது அந்த ஒரு மனிதரின் ஆர்வத்தால். எதிர்த் திசையிலும் அவர் செய்தார்: நீல.பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. தன் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற ரசிகர் கூட்டத்தில் கம்பன் பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே கேட்டவர்களைக் கம்பனிடம் அனுப்பிவைத்தார். அதே திருநெல்வேலியில் பின்னாளில் தி.க.சி. அஞ்சலட்டைகளால் அதைச் செய்தார். ஏதோ ஒரு ஊரிலிருந்து வெளிவரும் சிற்றிதழில் ஒரு புதுப் பையன் கதை எழுதியிருப்பான். அதைப் படித்துவிட்டு அவனுக்கு ஒரு கார்டு போடுவார். முகம் தெரியாத மூத்தவர் ஒருவர் தன்னைப் படித்திருக்கிறார் என்று அந்தக் கார்டு சொல்லும். வல்லிக்கண்ணனும் இப்படித்தான். அவருடைய கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் எழுத்தாளர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு.

முத்திரை நெருங்கிய தாள்

கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அவற்றில் இரண்டை நாம் எல்லோருமே மனப்பாடம் செய்ய வேண்டும். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கு உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. நூலகர் என்பவர் இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைக்கிறவர் என்றுதான் ரங்கநாதன் பார்த்தார். அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சியால், மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குப் போகும் நூலகம் புறப்பட்டது. ஊரைத் தேடிப் புத்தகம் போன அந்த வண்டியைப் பற்றி நம் பிள்ளைகளின் பாடநூலில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

கிளை நூலகத்தில் வளர்ந்தவர்களுக்கு வேறொரு பரிந்துரை முறை தெரியும். புத்தகத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் தேதித் தாள். அதில் முத்திரைகள் நெருங்கிக் கிடந்தால் அந்தப் புத்தகத்தை எடுத்துவிடலாம். இரண்டு முத்திரைக்கு இடையே ஆறு வருடம் இருந்தால் யோசிக்க வேண்டும். இன்னொன்று, ஓரங்களில் பென்சிலால் எழுதப்பட்ட குறிப்புகள். நூலகப் புத்தகத்தில் எழுதுவது தவறு, அதை ஆதரிக்க முடியாது. ஆனாலும் ஜெயகாந்தன் கதை ஒன்றின் ஓரத்தில் 'உண்மை' என்று யாரோ எழுதி, அதன் கீழே வேறு கையெழுத்தில் 'இல்லை, யோசி' என்று இன்னொருவர் எழுதியிருந்ததைப் பார்த்தபோது, ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு பேரின் உரையாடலில் மூன்றாவதாக உட்கார இடம் கிடைத்தது போலத்தான் இருந்தது.

லெண்டிங் லைப்ரரிகளையும் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாடகைக்குப் புத்தகம் கொடுத்த சின்னச் சின்னக் கடைகள். அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் ருசியும் தெரியும். "அக்கா, உங்களுக்கு அழுகைக் கதை வேண்டாம்ல, இதை எடுத்துட்டுப் போங்க" என்பார். லட்சுமி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன், சிவசங்கரி, ரமணிசந்திரன் என்று அந்த அலமாரிகளில்தான் லட்சக்கணக்கான பெண்கள் படித்தார்கள். ஹாஸ்டல் அறைகளிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள் கைமாறின. பையன்கள் இரும்புக்கை மாயாவிக்கு ஈடாக எதையும் கொடுப்பார்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' தொடங்கியதே மாயாவியோடுதான். ஒன்றுக்கு இரண்டு என்று பேரம் பேசி காமிக்ஸ் மாற்றிய அந்தப் பையன்கள்தான் பின்னால் சிற்றிதழ்களுக்குச் சந்தா கட்டினார்கள். அந்த வாசிப்பை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு புத்தகத்தை நண்பனிடம் கொடுத்து, அவன் முடிக்கும்வரை பொறுமையில்லாமல் காத்திருக்கும் பழக்கத்தை அவர்கள் அங்கேதான் கற்றார்கள்.

யாருக்கு எதை

சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் தொடங்கியது. இன்று பொங்கலை ஒட்டி நந்தனத்தில் அது நடக்கும் நாள்களில், என்ன வாங்கலாம் என்ற பட்டியல்கள் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் சுற்றுகின்றன. பல பட்டியல்கள் பயனுள்ளவை. வெளியூர் வாசகருக்குப் புதிய பெயர்களைத் தெரிவிக்கின்றன. ஆனால் ஐம்பது புத்தகப் பெயர் போட்ட பட்டியல் யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. நண்பர்களின் புத்தகங்களை நண்பர்களே மாற்றி மாற்றிச் சொல்லும் பட்டியல்களும் அதிகமாகிவிட்டன. இதை வாங்கியவர் அதையும் வாங்கினார் என்று இணையக் கடை காட்டும் வரிசைக்கு நீங்கள் ஏற்கெனவே வாங்கியது தெரியும். போன மாதம் உங்கள் அம்மா இறந்தது தெரியாது. அந்தத் துக்கத்தில் உங்களால் எதைப் படிக்க முடியும், எதைப் படிக்க முடியாது என்பது ஒரு சிநேகிதிக்குத்தான் தெரியும்.

புதிதாகப் படிக்க வருகிறவரிடம் முதல் புத்தகமாக 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலைக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுந்தர ராமசாமியின் அந்த நாவல் 1981-ல் வந்தபோது தமிழ் நாவலின் போக்கையே அசைத்தது, மகத்தானது. ஆனால் அதற்கு முன்னால் சில புத்தகங்களைக் கடந்து வந்திருக்க வேண்டும். முதல் நாளே அதைக் கொடுத்தால், வந்தவர் இருபது பக்கத்தில் திரும்பிப் போய்விடுவார், தனக்கு இலக்கியம் வராது என்ற எண்ணத்தோடு. அந்தப் பாவம் கொடுத்தவரைச் சேரும். தன் உயரத்தைக் காட்டக் கொடுக்கும் புத்தகம் பரிந்துரை ஆகாது.

நான் கொடுக்கும் புத்தகங்களைச் சொல்கிறேன். சென்னையில் இருப்பவருக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. ஒல்லியான நாவல், இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். குடத்தோடு தெருவில் நின்றவர்கள் அதில் தங்களையே பார்ப்பார்கள். 'அசுரன்' படம் பிடித்திருந்தது என்று சொல்லும் இளைஞருக்கு அதன் மூலமான பூமணியின் 'வெக்கை'. அது பிடித்துவிட்டால் 'பிறகு'. குமரி மாவட்டத்துக்காரருக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. பனையேறிகளின் வாழ்க்கையை 1964-லேயே ஒரு பெண் எப்படி எழுதியிருக்கிறார் என்று அவர்களே வந்து சொல்வார்கள். ஊரை வைத்து, தொழிலை வைத்து, மனநிலையை வைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் புத்தகம் முடிக்கப்பட்டுத் திரும்பி வருகிறது.

திரும்பி வருமா என்ற கேள்வி எல்லோருக்கும் உண்டு. 'புத்தகம் இரவல் தரப்படமாட்டாது' என்று அலமாரியில் எழுதி ஒட்டியவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அச்சில் இல்லாத அருமையான நூலைக் கொடுத்து இழந்தவர் அப்படித்தான் செய்வார். அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவிட வேண்டாம். ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவைத்துக் கொடுங்கள். எளிதில் கிடைக்கும் புத்தகம் என்றால், போனால் போகட்டும் என்று கொடுங்கள்.

அதைவிட முக்கியமானது, திரும்பி வரும்போது கேட்பது. "எப்படி இருந்தது?" என்று கேட்டு நிறுத்தினால் "நல்லா இருந்தது" என்ற பதிலோடு முடிந்துவிடும். எந்த இடத்தில் மூடிவைத்தீர்கள், யார்மேல் கோபம் வந்தது, முடிவு சரிதானா என்று கேட்டால்தான் பேச்சு நகரும். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் அதை முழுதாகக் கேட்க வேண்டும். நமக்கு உயிரான புத்தகத்தை ஒருவர் பிடிக்கவில்லை என்னும்போது மனம் சுருங்கத்தான் செய்யும். ஆனாலும் அவர் சொல்லும் காரணத்தில் நாம் பார்க்காத ஒன்று இருக்கும். கொடுத்துக்கொண்டே இருப்பவர் நல்ல வாசகத் துணை அல்ல. பதிலுக்கு வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும். மூத்தவர்கள் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர்கள். இருபது வயதுக்காரர் ஒரு மாங்கா காமிக்ஸையோ புதுக் கவிஞர் ஒருவரின் தொகுப்பையோ நீட்டினால் "அப்புறம் பார்க்கிறேன்" என்பார்கள். அந்த 'அப்புறம்' வருவதில்லை. அதன்பின் அவர் எதையும் நீட்ட மாட்டார்.

கு.அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் இறந்த 1970-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற தொகுப்பின் தலைப்புக் கதை. பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுக்கிறார். எல்லோரும் அவரை மொய்க்கிறார்கள். புத்தாண்டுக்கு டைரி கொடுக்கும்போது சாரங்கன் என்ற பையன் விட்டுப்போகிறான். அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, தானே வாங்கிவைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதித் தரச் சொல்கிறான். அதைப் படித்தவர்கள் பிறகு ஒரு குழந்தைக்கு மட்டும் புத்தகம் கொடுத்துவிட்டு அடுத்த குழந்தையைக் கடந்துபோக முடியாது. நம்மைச் சுற்றியும் சாரங்கன்கள் உண்டு. புத்தகம் பற்றிப் பேச மாட்டார்கள் என்று நாமே முடிவு செய்துவிட்டவர்கள்: அபார்ட்மென்ட் வாட்ச்மேன், கடைப் பையன், பணி ஓய்வு பெற்ற பெரியப்பா, மூன்று பிள்ளைகளோடு அல்லாடும் மதினி. அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் ஓர் அரங்கு வைத்தது. சிறைவாசிகளுக்காக வாசகர்கள் அங்கே புத்தகங்களைக் கொடுத்தார்கள். யார் படிக்கப் போகிறார் என்று தெரியாது, திரும்ப வராது, எப்படி இருந்தது என்று கேட்கவும் முடியாது. அப்படியும் கொடுத்தார்கள். முகம் தெரியாதவருக்கே நம்மால் கொடுக்க முடிகிறதென்றால், முகம் தெரிந்தவருக்குக் கொடுக்க என்ன தடை?

எனவே வாசகர்களே, ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் அலமாரியிலிருந்து ஒரே ஒரு புத்தகத்தை எடுங்கள். பட்டியல் வேண்டாம், ஒரு புத்தகம், ஒரு ஆள். ஏன் அவருக்கு இதைக் கொடுக்கிறீர்கள் என்பதை முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதி, நேரில் போய்க் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர் பதிலுக்கு ஒரு புத்தகம் கொடுத்தால், நீங்கள் படித்துக்கொண்டிருப்பதை மூடிவைத்துவிட்டு முதலில் அதைப் படியுங்கள்.